நிகர எடை

ஒன்பதாம் மாதத்தில் கிச்சாப்புக்குக் காது கேட்காமல் போனது.
நோய் ஒன்றுமில்லை.
போன மாதம்வரை "உட்கார்" என்றால் உட்கார்ந்தவன்
இப்போது என்னைப் பார்க்கிறான்,
சங்காட் ஜோங் பஸ் நிறுத்தத்தில்
யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

கவிழ்ந்த கிச்சாப் பாட்டிலில் புரண்டு எழுந்த அன்று
நான் வைத்த பெயர்.
அப்போது உள்ளங்கைக்குள் அடங்கினான்.
இன்று கால்கள் முன்னால் வளர்ந்துவிட,
மீதி உடம்பு தவணையில் வந்துகொண்டிருக்கிறது.

என் பாதுகாப்பு பூட்ஸில் இடது காலைத் தின்றான்.
ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பொத்தானை மட்டும் தின்றான்.
மாக் சூ ரொஹானியின் செருப்பைக் கவ்விக்கொண்டு
வேலியோரம் ஓடியபோது
அவர் வாசற்படியில் நின்றே சிரித்தார்:
"அது இனி அவனுக்குத்தான். எனக்கு வேண்டாம்."
தெலுக் இந்தானில் புது ஜோடி வாங்கி
கம்பிக்கு மேலே நீட்டினேன்.
வேலிக்கு இன்னொரு வரிசைக் கம்பி கட்டினேன்.
அவன் அடியில் தோண்டினான்.

சாப்பாடு என்றால் மட்டும் துரை.
சோற்றில் ஈரலும் வெந்த கேரட்டும் பிசைந்து வைத்தால்
பல் நுனியால் ஈரலை எடுப்பான்.
கேரட்டை ஒவ்வொன்றாகத் துப்பி
தட்டைச் சுற்றி வைப்பான்,
பந்தியில் குறை கண்டுபிடிக்க வந்த சம்பந்தி.
இக்கான் பிலிஸ் தூவினேன், தூவியதை நக்கினான்.
முட்டை உடைத்து ஊற்றினேன்.
பிஸ்கட் டின்னைக் குலுக்கிக் காட்டி,
நாற்பத்தோரு வயதில், முட்டி போட்டு, கெஞ்சினேன்.
அதே வாய்தான்
ஆலை வாசலில் உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்று
ஆரஞ்சு மீசையோடு வீடு திரும்புகிறது.

சிங்கப்பூரிலிருந்து ஜெயபாலன் போன் எடுத்தால்
முதல் கேள்வி "சாப்பிட்டானா?"
நான் சாப்பிட்டேனா என்பது
இரண்டாவதாக வரும்,
அல்லது சார்ஜ் தீர்ந்துவிடும்.

டாக்டர் ஸ்யூ யீன் அவனைத் தராசில் நிறுத்தினார்.
பதினேழு புள்ளி நான்கு.
"பட்டினி கிடக்கிற உடம்பா இது?
பதினைந்து நிமிடம் தட்டை வை. தின்னாவிட்டால் எடுத்துவிடு.
பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்காதே.
இந்த வயதில் அவன் ருசி பார்ப்பது
சோற்றை இல்லை, உன்னை."

எடை போடுவதுதான் என் வேலையும்.
ஆலையின் எடைப்பாலத்தில்
லோரி பழத்தோடு ஏறும், கொட்டிவிட்டு வெறுமையாக ஏறும்.
இரண்டுக்கும் நடுவில் உள்ளதை நான் எழுதுவேன்.
செவ்வாய்க்கிழமை குணசீலனின் காலி லோரி
எப்போதும் காட்டுவதைவிட இருபது கூடக் காட்டியது.
எட்டிப் பார்த்தால், பின்சக்கரத்தின் ஓரம்,
கழுத்தில் அறுந்த கயிற்றோடு
உட்கார்ந்திருக்கிறான்.
யாரும் சொல்லாமல். அவ்வளவு ஒழுங்காக.

"அக்கா, உன் நாய் என் பழத்தில்
இருபது கிலோ தின்னுட்டான்!"
குணசீலன் கத்த, பின்னால் நின்ற லோரிகள் ஹாரன் அடிக்க,
நான் சீட்டைக் கிழித்து மறுபடி எழுதினேன்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் எங்கள் பாலத்துக்கு.
அதன் கணக்கில் அவன் இருபது.

அன்றிரவு தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.
பதினைந்து நிமிடம். எடுத்தேன்.
ஈரல் வாசனை விரலில் இருந்தது.
அவன் கதவோரம் படுத்துக்கொண்டு
பெரிய மனுஷன்போலப் பெருமூச்சு விட்டான்.
காலையிலும் எடுத்தேன்.
வேலையில் இரண்டு சீட்டில் தேதியைத் தப்பாக எழுதினேன்.

இரண்டாம் இரவு
சுவரைப் பார்த்து உட்கார்ந்து
நானும் ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டேன்,
நின்றுகொண்டே பொட்டலத்தில் தின்னாமல்.
முதுகுக்குப் பின்னால் சங்கிலி கிலுங்கியது.
அப்புறம் அலுமினியத் தட்டு
சிமெண்டுத் தரையில் நகர்ந்து நகர்ந்து
அடுப்படிவரை போகும் சத்தம்.

பதினைந்தாவது நிமிடம் திரும்பினேன்.
தட்டு காலி.
தட்டைச் சுற்றி மூன்று துண்டு கேரட்.